முட்படலையும் மண்முத்திரையும்

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679 ஆம் ஆண்டில் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே, மலைநாட்டுக்குள் ஏறும் வழிகளில் அமைந்திருந்த முட்படலைகளைப் பற்றி எழுதியுள்ளார். இரும்பாணி போன்ற முட்களையுடைய கொம்புகளை நெருக்கமாகப் பின்னிச் செய்த அப்படலைகள், யானைமீது செல்வோரும் நுழையத்தக்க உயர்ந்த மரச்சட்டங்களில் தொங்கவிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் அயற்கிராமத்தவர் இருவர் மூவர் காவலிருந்தனர். அவர்களிடம் பெரும்பாலும் ஆயுதம் இருந்ததில்லை. அரசன் பெயரால் நிறுத்துவதே அவர்களது வலிமை.

அரசனது நகரிலிருந்து வெளியே செல்வோர்க்குக் களிமண்ணிற் பதித்த முத்திரை வழங்கப்பட்டது. படைவீரனாயின் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். கூலியாளாயின் காவுதடியின் இரு முனைகளிலும் பொதி தொங்க நிற்கும் மனிதனின் உருவம். வெள்ளையனாயின் இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை உருவங்கள் அம்மண்ணிற் பதிந்திருத்தல் வேண்டும்.

இம்முத்திரையிலே பெயர் இல்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. வருபவன் இன்னான் என்று அது கூறவில்லை. இன்ன வகையினன், ஆதலால் செல்லலாம் என்றே கூறிற்று. 'நீ யார்?' என்பது ஒரு வினா. 'நீ எதைச் செய்யலாம்?' என்பது வேறொரு வினா. படலை ஒன்றேயாயினும் அதன் முன் கேட்கப்படும் வினாக்கள் இரண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் விளையும் துன்பம், முட்படலைகள் மறைந்து கணினித் திரைகள் தோன்றிய பின்னரும் மறைந்துவிடவில்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் ஒன்றிலே, ஒரு மாணவியும் ஓர் உத்தியோகத்தரும் ஓர் இரவு முழுதும் இவ்வினாக்களோடு போராட நேர்ந்தது.

அது 2020 ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கொவிட் தொற்றினால் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டிருந்தன. விரிவுரைகளும் ஒப்படைகளும் இணையவழிக்கு மாறின. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவள் அம்மாணவி. கண்டிக்கு அண்மையிலுள்ள உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் முதலாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தாள். லயத்துக்குள் தொலைபேசிச் சமிக்ஞை எட்டாது. தேயிலை மலைக்கு மேலேயுள்ள பாறையில் ஏறி நின்றால் ஓரளவு கிடைக்கும். தமையனின் கையடக்கத் தொலைபேசியை வாங்கிக்கொண்டு மாலை 6 மணிக்கு அவள் பாறையேறினாள். இறுதிப் புள்ளியிற் கணிசமான பங்கைப் பெறும் ஒப்படை ஒன்று அன்று நள்ளிரவுக்கு முன்னர் சேர்க்கப்பட வேண்டியிருந்தது.

தளம் திறந்தது. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. அவள் பெயரும் மூலையில் தோன்றிற்று. ஆனால் குறித்த பாடத்தைத் தொட்டவுடன் 'அனுமதி இல்லை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. உதவிப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தாள். எடுத்தவர் கடவுச்சொல்லை மாற்றித் தந்தார். மீண்டும் அதே வரி. இரண்டாம் முறையும் மாற்றித் தந்தார். மூன்றாம் முறையும் மாற்றித் தந்தார். 'நீங்கள் சரியாக அடிக்கவில்லைப் போலும்' என்றும் ஒரு சொல் சொல்லிவைத்தார். தன் கைதான் பிழைசெய்கிறது என்று அவளும் நம்பத் தொடங்கினாள்.

கடவுச்சொல்லின் வரலாற்றை அறிந்தோர்க்கு இம்மயக்கம் புதுமையாகத் தோன்றாது. ஒரு கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையை அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாற்றோவும் அவர்தம் குழுவினரும் 1961 ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினர். அவரவர் கோப்பும் அவரவர்க்கு ஒதுக்கிய நேரமும் கலந்துவிடாதிருக்கவே அங்கு கடவுச்சொல் புகுத்தப்பட்டது. ஒதுக்கிய நேரம் போதாத அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், 1962 ஆம் ஆண்டில் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்து, பிறர் பெயரால் நுழைந்து தம் வேலையைச் செய்தார். தமக்கு உரிமை போதாதபோது அவர் பிறரது அடையாளத்தை இரவல் பெற்றார் எனலாம். இரண்டாவது வினாவுக்கு விடை கிடையாதவர் முதலாவது வினாவுக்குப் பொய் விடை கூறுவது அன்றே தொடங்கிவிட்டது.

பாறைமீது நின்றவளுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. 'என் கணக்கால் நுழைந்து சேர்த்துவிடு, பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று தோழி ஒருத்தி குறுஞ்செய்தி அனுப்பினாள். அன்பினால் வந்த யோசனைதான். ஆயினும் அவ்வாறு சேர்த்த ஒப்படை தோழியுடையதாகவே பதியும். பின்னர் இருவரும் மோசடிக் குற்றச்சாட்டுக்கு விடை கூற நேரிடும். அவள் மறுத்து, இரவு 9 மணியளவில் மீண்டும் உதவிப் பிரிவை அழைத்தாள். இம்முறை எடுத்தவர் கணினிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய ஓர் உத்தியோகத்தர்.

"தங்கச்சி, கடவுச்சொல்லை இனித் தொடவேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒரு சொல்லும் விடாமல் வாசியுங்கள்" என்றார் அவர்.

வாசித்தாள். வரியின் ஓரத்தில் ஓர் எண் இருந்தது: 403.

அவ்வெண்ணைக் கேட்டதுமே பாதி வழி தெளிந்துவிட்டது. இணையத்தளத்தை வழங்கும் கணினி, கேட்டதைத் தர இயலாதபோது மூன்று இலக்கங்களில் விடை கூறுவது மரபு. 401 என்பது, வந்தவர் யார் என்பது இன்னும் நிறுவப்படவில்லை என்பதைக் குறிக்கும். 403 என்பது, கேட்டது விளங்கிற்று, தருவதற்கில்லை என்பதைக் குறிக்கும். 404 என்பது, கேட்ட பொருள் அங்கில்லை என்பதைக் குறிக்கும். பொருள் இருப்பதையே வெளியிட விரும்பாதவிடத்து, 403 க்குப் பதிலாக 404 கூறவும் விதி இடமளிக்கிறது. 500 முதலாகத் தொடங்குவன வழங்கும் கணினியின் சொந்தக் கோளாறுகள். இவற்றுள் 401 க்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரே தவறானது. அப்பெயர் 'அதிகாரம் பெறாதது' என்று பொருள்படும். அது உண்மையிற் குறிப்பதோ அடையாளம் நிறுவப்படாமையை. 2022 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட நியம ஆவணத்திலும் அப்பெயர் மாறவில்லை. விதியை வகுத்தோரின் பெயரிடலிலேயே இரு வினாக்களும் கலந்துகிடக்கையில், உதவிப் பிரிவினர் மயங்கியது வியப்பன்று. கடவுச்சொல்லை மாற்றுதல் 401 க்கு மருந்தாகலாம். 403 க்கு அது மருந்தன்று. அவள் யார் என்பதை அத்தளம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது.

ஒப்புக்கொண்டது அவளைத்தானா என்பது உத்தியோகத்தரின் அடுத்த ஐயம். தொலைபேசி தமையனுடையது. ஒருமுறை நுழைந்தவரை அடுத்தடுத்த பக்கங்களிலும் அடையாளங் காண்பதற்காக உலாவியில் இடப்படும் சிறு குறிப்பைக் 'குக்கி' என்பர். 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்ருலி என்பவர் ஆக்கியது அது. ஒரே கருவியை வீட்டார் பலர் கையாளும்போது, ஒருவருடைய குறிப்பைக் கொண்டு மற்றவர் உள்ளே செல்வதுண்டு. முகிலில் வைக்கப்பட்ட ஆவணம் 'உமக்கு அனுமதி இல்லை' என்று மறுக்கும் தறுவாய்களிற் பல இத்தகையனவே. அனுமதி ஒரு கணக்குக்கு வழங்கப்பட்டிருக்கும். உலாவியோ வேறொரு கணக்கின் பெயரால் வாயிலில் நிற்கும். ஆதலால், பழைய குறிப்புகள் எவையும் செல்லாத தனிச்சாளரம் ஒன்றைத் திறந்து நுழையும்படி கூறினார். நுழைந்தாள். மறுபடியும் 403.

வலைப்பாதை பற்றியும் வினவினார். அந்நாட்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் செய்த ஒழுங்கின்படி, லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியே பல்கலைக்கழகக் கற்றல் தளங்களை மாணவர் கட்டணமின்றி அடையலாயிற்று. வறிய மாணவர்க்கு அது பேருதவி. எனினும் தளம் உள்நாட்டிலிருக்க, அடையாளத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு வெளிநாட்டு முகிலொன்றிடம் ஒப்படைக்கப்பட்டிருக்குமாயின் ஒரு சிக்கல் தோன்றும். பக்கம் இலவசமாகத் திறக்கும். உள்நுழைவுப் பொத்தானை அழுத்தியதும் பயணம் கட்டணப் பாதைக்கு மாறும். மீதிப் பணம் இல்லாதவரின் திரை சுழன்றுகொண்டே நிற்கும். பிழைச்செய்தியும் வராது, எண்ணும் வராது. மாணவியின் திரையிலே எண் வந்தமையால் இதுவும் காரணமன்று என்று தெளிந்தது.

இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருதலே இத்தொழிலின் முறை. விரிவுரையாளர் ஒருவருக்குச் சில வாரங்களின் முன் நேர்ந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது. கடவுச்சொல்லோடு, தொலைபேசி 30 விநாடிக்கொரு முறை ஆக்கித்தரும் ஆறிலக்க எண்ணையும் அவர் இடவேண்டியிருந்தது. எத்தனை முறை இட்டாலும் பிழை. தொலைபேசியின் மணிக்கூடு சரியான நேரத்தையே காட்டிற்று. ஆனால் கருவி வெளிநாடொன்றின் நேரவலயத்தில் இருக்க, முள்ளை மட்டும் கையால் இலங்கை நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். அவ்வெண்ணோ சுவரிற் கண்ட நேரத்திலிருந்து பிறப்பதன்று. உலகப் பொதுநேரத்திலிருந்து கணிக்கப்படுவது. மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996 ஆம் ஆண்டில் மணிக்கூடுகளை முன்தள்ளி, அவ்வாண்டிலேயே சிறிது பின்னிழுத்து, 2006 ஆம் ஆண்டில் பழைய நிலைக்கு மீண்ட இலங்கையர்க்கு, மணி ஒன்று காட்ட நேரம் வேறொன்றாயிருப்பது அறியாத செய்தியன்று. அந்த விரிவுரையாளரைத் தடுத்தது முதலாவது வினா. இந்த மாணவியைத் தடுத்தது இரண்டாவது. இருவர் திரையிலும் தெரிந்தது என்னவோ மூடிய கதவு ஒன்றுதான்.

எஞ்சியது வழங்கும் கணினியின் பதிவேடு. யார், எந்நேரம், எதைக் கேட்டார், என்ன விடை பெற்றார் என்பவற்றை அது வரிவரியாக எழுதிவைக்கும். மாலை 6 மணி தொடக்கம் அம்மாணவியின் முகவரி அதில் மீண்டும் மீண்டும் பதிந்திருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 403. பின்னர் அவர் அப்பாடத்தின் மாணவர் பட்டியலைத் திறந்தார். அவள் பெயர் அங்கே இருந்தது. ஆயின் முகவரி வேறு. பெயரிலுள்ள தகரத்துக்கு ஆங்கிலத்தில் ஒருவர் 'ரீ' மட்டும் எழுதியிருந்தார். மற்றவர் 'ரீ'யுடன் 'எச்' சேர்த்திருந்தார். கணக்கு ஆக்கியோர் தேசிய அடையாள அட்டையைப் பின்பற்றினர். பாடப்பட்டியலைத் தட்டச்சுச் செய்தோர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பின்பற்றினர். கணினி அவளை இருவராகக் கொண்டது. ஒருத்தியிடம் அடையாளம் இருந்தது, உரிமை இல்லை. மற்றவளிடம் உரிமை இருந்தது. அவளோ ஒருநாளும் வாயிலுக்கு வந்தவளல்லள்.

தமிழர் பெயர்கள் இத்தகைய இடர்களுக்கு எளிதில் ஆளாவன. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்க, சொந்தப் பெயர் பின்னே வரும். படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்களைக் காட்டி இரண்டையும் நிரப்பு என்று வற்புறுத்தும். ஓரிடத்திற் தந்தை பெயர் குடும்பப் பெயராகும். இன்னோரிடத்தில் மகள் பெயரே இரு கட்டங்களிலும் இடம்பெறும். தோட்டப்புறங்களில், சொல்பவர் தமிழிற் சொல்ல, எழுதுபவர் சிங்கள ஒலிப்பைத் தழுவி எழுத, பின்னர் வேறொருவர் அதனை ஆங்கிலமாக்கிய பெயர்கள் எத்தனையோ உள. அவற்றைத் திருத்துவதற்கு வேலைநாட் சம்பளத்தை இழந்து கந்தோர்ப்படி ஏறியிறங்க வேண்டும் என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுவர்.

மலையக மக்களுக்கு இவ்விரு வினாக்களும் கணினியோடு வந்தவையல்ல. இன்னார் என்று எல்லோரும் அறிந்திருந்த மக்களை, தேயிலைக் கணக்கேடுகளில் நாடோறும் பெயர் பதியப்பட்ட மக்களை, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் உரிமையற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை நோக்குவோர் ஒன்றைக் காணலாம். ஒன்பது இலக்கங்கள் அட்டைக்குரியவர் யார் என்று கூறும். இறுதியில் வரும் ஆங்கில எழுத்து, அவர் வாக்களிக்கத் தகுதியுடையவரா என்று கூறும்: 'வீ' எனின் உண்டு, 'எக்ஸ்' எனின் இல்லை. 2016 ஆம் ஆண்டில் அறிமுகமான பன்னிரண்டு இலக்க எண்ணில் அவ்வெழுத்து இல்லை. அடையாளத்தையும் உரிமையையும் ஒரே வரியில் எழுதும் வழக்கம் அட்டையிலிருந்து நீங்கிவிட்டது. ஆயினும், தம் பெயரைத் தாமே எழுதாத மக்களின் பிள்ளைக்கு, ஓர் எழுத்துக் கூடிக் குறைந்தமையால் உரிமை தவறிப்போவது வெறும் தட்டச்சுப் பிழையாக மட்டும் படாது.

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிது என்று தோன்றலாம். பாடத்தை அன்றிரவு எல்லோர்க்கும் திறந்துவிடலாம் என்று உதவிப் பிரிவில் ஒருவர் கூறினார். அவ்வாறு செய்தால் பிறர் சேர்த்த ஒப்படைகளும் எல்லோர் கண்ணிலும் படும். ஒருவர்க்குத் தம் பணியைச் செய்யத் தேவையான மிகக் குறைந்த உரிமையே வழங்கப்படுதல் வேண்டும் என்பது, சால்ற்சரும் ஷ்ரோடரும் 1975 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலே வகுத்த நெறிகளுள் ஒன்று. அவசர வேளையில் அகலத் திறந்த கதவை அவசரம் தீர்ந்தபின் மூடுவார் இலர் என்பது இத்துறையினர் அனுபவம். உத்தியோகத்தருக்கு எப்பாடத்திலும் எவரையும் சேர்க்கும் ஆற்றல் இருந்தது. ஆயினும் அவர் பாடத்துக்குரிய விரிவுரையாளரைத் தொலைபேசியில் அழைத்து இசைவு கேட்டார். செய்ய இயலுதல் வேறு, செய்யும் உரிமை வேறு என்பது அவரது கொள்கை. கண்டித் தலதா மாளிகையிலே தந்ததாதுப் பேழையின் திறப்புகள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களிடமும் தியவடன நிலமேயிடமும் பிரிந்திருக்கின்றன. மூவரும் இசைந்தாலன்றிப் பேழை திறவாது. அவர்களுள் எவரையும் ஐயுற்று அவ்வழக்கம் அமைந்ததன்று. எத்துணை நம்பிக்கைக்குரியவர் கையிலும் முழுத் திறப்பும் தனித்து இருத்தலாகாது என்னும் தெளிவே அதன் அடிப்படை.

விரிவுரையாளர் உறக்கத்திலிருந்தார். அவர் அழைப்பை ஏற்றபோது நள்ளிரவு கடந்து பத்து நிமிடமாயிற்று. இசைந்தார். இரு பதிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. பாறைமீதிருந்து குரல் வந்தது: "சேர், இன்னும் திறக்கவில்லை."

அதுவும் எதிர்பார்த்ததே. ஒருவர் உள்ளே நுழையும்போது, அந்நேரத்தில் அவருக்குள்ள உரிமைகள் ஒரு சீட்டில் எழுதப்பட்டு அவர் கையிற் கொடுக்கப்படுகின்றன. பின்னர் உரிமை கூடினும் பழைய சீட்டு மாறாது. களிமண் காய்ந்தபின் அதிலே புதிய உருவத்தைப் பதிக்க இயலாதன்றோ? வெளியேறி மீண்டும் நுழைந்தாற் புதுச்சீட்டுக் கிடைக்கும். "முழுவதும் வெளியே வந்து திரும்ப உள்ளே போங்கள், தங்கச்சி" என்றார். பாடம் திறந்தது. ஆனால் ஒப்படைக்குரிய பெட்டி நள்ளிரவோடு மூடப்பட்டிருந்தது.

மறுநாட் காலை விரிவுரையாளர் முன் ஒரே ஒரு சான்று வைக்கப்பட்டது: பதிவேட்டின் அவ்வரிகள். மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை அவள் வாயிலிலே நின்றாள் என்பதை, அவளைத் தடுத்த கணினியே நிமிடக் கணக்கோடு எழுதிவைத்திருந்தது. 'இணைப்புக் கிடைக்கவில்லை' என்று சொல்லும் மாணவரை நம்புவதா என்பது அந்நாட்களில் விரிவுரையாளர் பலரையும் வாட்டிய கேள்வி. இவளை நம்பவேண்டிய தேவையே எழவில்லை. ஒப்படை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உத்தியோகத்தர் அத்துடன் நிற்கவில்லை. கணக்குகளின் பட்டியலையும் பாடப்பட்டியல்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஓரெழுத்தினால் இருவராகிப்போனோர் வேறும் சிலர் இருந்தனர். பதிவேட்டிலே அவர்களுக்கும் 403 என்னும் எண் வந்திருந்தது. மாணவி பலமுறை முயன்றாள். அவர்களிற் சிலர் இரண்டொரு முறை முயன்றபின் திரும்பியிருந்தனர். ஒருவரும் உதவிப் பிரிவை அழைக்கவில்லை. பிழை தம்முடையதென்றே அவர்களும் எண்ணியிருத்தல் கூடும்.

அன்று மாலை அவர் செய்த வேலை சிறியது. 'அனுமதி இல்லை' என்னும் ஒற்றை வரியை நீக்கிவிட்டு, அவ்விடத்திலே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நான்கு செய்திகளைத் தோன்றச் செய்தார்: நீங்கள் இன்ன முகவரியால் நுழைந்துள்ளீர்கள், இப்பாடத்தின் பட்டியலில் அம்முகவரி இல்லை, உங்கள் கடவுச்சொல் சரியானதே, பட்டியலைத் திருத்த இந்த இலக்கத்தை அழையுங்கள். இரண்டு நாட்களுக்குள் அந்த இலக்கத்துக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.